பத்து விரல் தூரம்

குஞ்சு, உன்ர சேதி வந்த நேரம் நான் கிளிவெட்டியில் களத்தில் நின்று நெல்லுத் தூற்றிக்கொண்டிருந்தேன். உனக்குக் கஞ்சி வைக்கத்தான் அந்த நெல்லு. கூப்பன் அரிசி புழு மணக்குது என்று நீ கோப்பையைத் தள்ளிவிட்டாய். புது நெல்லுக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஓடிவாறன் என்று சொல்லிப்போட்டுத்தான் முதல் நாள் வெளிக்கிட்டனான். வெயில் ஏற முந்தி, மூதூரில் இருந்து உப்பு ஏற்றி வருகிற முஸ்லிம் நானா ஒருவர் வண்டியைக் களத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டினார். மாட்டை அவிழ்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, பட்டணத்தில இருந்து வள்ளத்தில சொல்லி அனுப்பியிருக்காங்க. உங்கட தம்பிர பொஞ்சாதி..." என்று தொடங்கி, மிச்சத்தை விட்டுவிட்டு, "இந்த வண்டியிலேயே ஏறுங்க. உப்ப இங்கயே இறக்கிப்போட்டு மூதூருக்குத் திருப்புறன்" என்றார்.

உப்பு மூட்டையை வெறும் மண்ணில் இறக்குகிற வியாபாரியை நான் கண்டதில்லை. அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

வண்டியில் மூதூருக்கு. அங்கே வள்ளம் வருமட்டும் காத்திருந்தேன். நடுக் குடாவில் போர்க்கப்பல் ஒன்று போகுமட்டும் பாயை இறக்கிக்கொண்டு நின்றோம். இறங்குதுறையில் பட்டாளத்துக்காரன் நெல்லுப் பையைக் கொட்டிப் பார்த்தான். பிறகு கரை நெடுக நடை. வளவுக்குள் கால் வைக்க விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வண்டியில் ஏறினதில் இருந்தே மணித்தியாலத்துக்கு ஒரு விரலாய் மடக்கிக்கொண்டு வந்தனான். பத்து விரலும் மடங்கி முடிந்தது. அந்த நேரத்துக்குள் நீ சொன்ன பிளேன் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், குஞ்சு. எனக்குக் கிளிவெட்டி சிங்கப்பூரை விடத் தூரமாய்ப் போயிட்டுது.

முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு வந்திருக்கிற சனங்களே, நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். சபையில் எழும்பி நின்று கதைக்க எனக்கு ஏலாது. அதனால்தான் எழுதினேன். எழுத்துப் பிழையைப் பாராமல் ஆராவது வாசித்துவிடுங்கள். வந்ததில் இருந்து நீங்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். பெரிய வீடு கழுவி மெழுகிக் கிடக்குது, பின் வளவில் அவள் இருந்த கொட்டில் மட்டும் ஏன் இப்படிக் குப்பையாய்க் கிடக்குது? செத்த வீட்டைக் கழுவாமல் விடலாமோ? ஐயரும் கேட்டார், குஞ்சின் தமையனும் கேட்டார். அதற்கு ஒரு சொல்லில் மறுமொழி இல்லை. அவளைப் பற்றிச் சொன்னால்தான் அதைச் சொல்லலாம்.

அவளுக்குப் பேர் பூரணம். குஞ்சு என்பது நான் வைத்தது. என் தம்பி செல்லையா நிலாவெளியில் இருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், நான் கருவாடு காயப்போடப் போனாலும் தண்ணீருக்குப் போனாலும் பின்னாலேயே வருவாள். "என்னடி, கோழிக்குஞ்சு மாதிரித் திரியிறாய்" என்று ஏசினேன். அந்தப் பேர் நின்றுவிட்டது. என் மனிசன் கடலோடு போனபிறகு, அந்த வளவில் நான் சிரித்தது அவள் வந்த பிறகுதான்.

கலியாணம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, தம்பி சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினான். அங்கே துறைமுகத்தில் சாமான் இறக்கிற வேலை. எங்கட கரையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போன மனிசன் போய்ச் சேருமட்டும் வீட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவனையும் சேர்த்துக் கூட்டித் தள்ளினது மாதிரி. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அது ஒரு பொழுதோடு சரி. சிங்கப்பூர் போகிறவனுக்கு எவ்வளவு நேரம் கூட்டாமல் விடுவது? குஞ்சு என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கப்பலில் போய் வந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டோம். "ஏழு நாள் பிடிக்கும்" என்றார்.

ஏழு நாளும் அவள் ஈர்க்குமாற்றைத் தொடவில்லை. பூவரசம் இலை முற்றம் முட்டக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கை, சாம்பல், மீன் செதில், எல்லாம் காலில் ஒட்டியது. வேலிக்கு அங்கால இருந்து கனகம் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தா.

"என்ன பிள்ளை, புதுப் பொம்பிளைக்கு விளக்குமாறு பிடிக்கத் தெரியாதோ?"

"தெரியும் அக்கா. அவர் இன்னும் நடுக்கடலில நிக்கிறார்."

எட்டாம் நாள் விடியத்தான் கூட்டினாள். பிறகு ஒரு மாதத்தால் கடதாசி வந்தது, சுகமாய்ச் சேர்ந்தேன் என்று. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேணும். கடதாசியை என்னிடம் தந்து இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். "நான் கூட்டாமல் விட்டது வீண் போகேல்லை மச்சாள்" என்றாள்.

அதன் பிறகு ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான். கடதாசி நின்றது. அடுத்த கையோடு எங்கட துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. நெருப்புப் புகை வானத்தை மூட, சட்டி பானையையும் விட்டுவிட்டு ஓடினவர்கள் நாங்கள். கிளிவெட்டியில் சொந்தக்காரர் வீட்டில் பல மாதம் கிடந்தோம். நாற்று நட்டு, கதிர் வெட்டி வயிறு கழுவினோம். சீனன்குடாவில் வெள்ளைக்காரர் பிளேன் ஓடுற பாதையைப் பெரிதாக்கிறார்கள், பெண் ஆட்களையும் கல்லுச் சுமக்க எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் குஞ்சுதான் முதலில் எழும்பினாள். "கடலைக் காணாமல் எனக்கு மூச்சு முட்டுது, வாங்கோ போவம்" என்றாள்.

திரும்பி வந்து நான் கருவாட்டோடு கரையில் நின்றேன். அவள் விடிய லொறியில் ஏறிப் போய், பொழுதுபடத் திரும்பி வருவாள். தலைக்குச் சும்மாடு சுருட்ட அவளிடம் இருந்தது தம்பியின் பழைய சாரம் ஒன்று, நீலக் கட்டம் போட்டது. அதைச் சுருட்டித் தலையில் வைத்து அதற்கு மேல் கல்லு நிரப்பின கடகத்தைத் தூக்கி வைப்பாள். நல்ல துணியை ஏனடி கிழிக்கிறாய் என்று கேட்டால், "பாரம் தெரியேல்லை மச்சாள். அவர் ஒரு கை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்பாள்.

கடதாசி நின்று மூன்றாம் வருசம் அவளின் தமையன் நிலாவெளியில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சபையில் அவரும் இருக்கிறார். கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன், தங்கச்சியின் நன்மைக்குத்தான் அவர் வந்தவர். பெண்சாதி இறந்த மனிசன் ஒருவர் இருந்தார், இரண்டு வள்ளம், வலை எல்லாம் உண்டு, நல்ல குணம். ஒன்றுதான் செய்யவேணும். செல்லையாவுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து, தாலியைக் கழற்றிவிட வேணும்.

குஞ்சு, "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் படுக்கப் போக முன்னம் என்னிடம் கேட்டாள்.

"மச்சாள், நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? உங்கட தம்பி."

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? அவன் என் கூடப்பிறந்தவன். உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் இவள் காத்துக் காத்து வாடுவாள். இல்லை என்று சொல்ல என் நாக்கு வராது. எழும்பிப் பாயை விரித்தேன்.

அதற்கு இரண்டு மூன்று நாளால் அவள் வேலையில் இருந்து வரும்போது இரண்டு கையையும் முன்னால் விரித்தபடி வந்தாள், மா பிசைந்த கையோடு வருகிறவள் மாதிரி.

"என்னடி கையில?"

"தூரம் மச்சாள்."

நடந்தது இதுதான். அங்கே சவரிமுத்து என்று ஒரு கங்காணி. வாய் நீளம், மனம் பிழையில்லை. கொஞ்சம் இங்கிலீசு கதைப்பார். பிளேனில் போய் வருகிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் பாதையோரம் வந்து சிகரெட் பிடிப்பான். பெண்கள் அவனுக்குப் பூனைக்கண்ணன் என்று பேர் வைத்திருந்தார்கள். குஞ்சு கங்காணியிடம் போயிருக்கிறாள்.

"கங்காணி ஐயா, அந்தத் துரையிட்ட ஒரு கதை கேட்டுச் சொல்லுறீங்களே?"

"என்ன, மாப்பிள்ளை பாக்கிறியே?"

"இஞ்ச இருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் எண்டு கேளுங்கோ."

"அடியே, சத்தம் போடாத. சிங்கப்பூர் எண்டு கத்தினால் உன்னையும் என்னையும் உளவாளி எண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

அப்படிச் சொன்னாலும் கேட்டுத்தான் இருக்கிறார். அவள் புருசன் அங்கே என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெடியன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு, ஆயிரத்தெழுநூறு மைல் வரும் என்றானாம்.

"மைல் எனக்கு என்னத்துக்கு? கடலில மைல்கல்லு நட்டுக் கிடக்கே? பிளேனுக்கு எவ்வளவு நேரம் எண்டு கேளுங்கோ."

அவன் குந்தி இருந்து, ஒரு கல்லை இங்கே வைத்து, ஒரு கல்லை அங்கே வைத்து, நடுவில் விரலால் கோடு இழுத்தான். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பத்து மணித்தியாலம்.

"ஏழு நாள் இல்லை மச்சாள்!" குஞ்சு என் முகத்துக்கு முன்னால் விரலை விரித்துக்கொண்டு நின்றாள். "பத்து விரல். விளக்கு வைக்க எழும்பினால் கோழி கூவ முந்தி அங்க. அடுத்த நாள் மத்தியானச் சோத்துக்கு இஞ்ச திரும்பியிடலாம்."

தமையன் மறுமொழி கேட்டு வந்தபோது அவள் தயாராய் இருந்தாள்.

"அண்ணை, நிலாவெளியில இருந்து இஞ்ச வர உங்களுக்கு எவ்வளவு நேரம்?"

"விடிய வண்டி கட்டினால் வெயில் ஏற வந்திடுவன். என்ன கேள்வி இது?"

"அதைப்போல இரண்டு மூண்டு பங்குதான் அவர் இருக்கிற தூரம். அவ்வளவு கிட்ட இருக்கிற மனிசனை, ஆரும் போய்ப் பாக்காமல், செத்தவர் எண்டு நான் ஏன் தாலி கழட்டவேணும்?"

"உனக்கு விசரே? அது பிளேன்காரனுக்குப் பத்து மணி. உனக்குப் பத்துச் சென்மம்."

"தூரம் எல்லாருக்கும் ஒண்டுதான் அண்ணை. ஏறுறதுக்குத்தான் எங்களிட்ட ஒண்டும் இல்லை."

அவர் தேத்தண்ணி குடியாமல் எழும்பிப் போனார். தூரம் குறைந்தால் சாவும் குறைந்துபோகும் என்று குஞ்சு நம்பினாள். பாவம், நானும் கொஞ்சம் நம்பினேன்.

அன்று தொடங்கினதுதான் அவளின் புது வேலை. பெரிய பிளேன்கள் விளக்கு வைக்கிற நேரம் எழும்பும். குடாவுக்கு மேலால அந்த இரைச்சல் எங்கட கரைக்கு வரும், தண்ணீர்க் குடம் நடுங்கும். கிழக்கால போகிறதெல்லாம் சிங்கப்பூருக்குத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆரும் அவளுக்குச் சொல்லவில்லை, ஆரும் சொல்லவும் மாட்டார்கள். பிளேன் எழும்பின நேரம் தொட்டு அது திரும்பி வருகிற அடுத்த நாள் மத்தியானம் மட்டும் கொட்டிலைக் கூட்டமாட்டாள். வேலைக்குப் போகிற நாளில் என்னிடம் காவல் சொல்லிவிட்டுப் போவாள்.

"அவங்கள் உன்ர ஆரடி?" என்று நான் ஏசினேன்.

"ஆரெண்டால் என்ன? கடலுக்கு மேலால போறவங்கள். அதுவும் அவர் இருக்கிற பக்கம். அவங்களுக்காகக் கூட்டாமல் இருக்க இஞ்ச தாய் இருக்கே, பெண்சாதி இருக்கே?"

பூனைக்கண்ணனுக்கு அம்மன் கோயில் நூலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கையை நீட்டினானாம். இவள் தொடமாட்டாள், கங்காணிதான் கட்டிவிட்டார். கூட நின்ற வெள்ளைக்காரர் சிரித்தார்கள். அவன் கழற்றவில்லை.

இந்த இடத்துக்குப் பிறகு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேணும்.

ஒரு நாள் அவள் சின்னப் பொட்டலம் ஒன்று கட்டினாள். சூடைக் கருவாடு கொஞ்சம், திருநீறு கொஞ்சம், தன் பழைய சீலைத் துண்டில் பொதிந்து தைத்தாள். தம்பிக்குச் சூடைக் கருவாடு என்றால் உயிர். பூனைக்கண்ணன் சிங்கப்பூருக்கு மேலால போகும்போது துறைமுகத்தில் போட்டுவிடட்டும், மணத்திலேயே அவர் கண்டுபிடிப்பார் என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் பொட்டலத்தைக் கொண்டு போனாள்.

கங்காணியும் முதலில் சிரித்தாராம். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மெல்லச் சொன்னாராம்.

"விசர்ப்பிள்ளை, அவங்கள் என்ன, சோத்துப் பார்சலே கொண்டு போறாங்கள்? வண்டிலில தள்ளிக்கொண்டு போறதை நீ காணேல்லையே? இரும்புக் குண்டு. துறைமுகத்துத் தண்ணிக்குள்ள போட்டுவிடுவாங்கள். கப்பல் முட்டினால் வெடிக்கும். கரையில விழுந்தாலும் வெடிக்கும்."

"ஆரின்ர துறைமுகத்தில?"

"ஜப்பான்காரன்ர துறைமுகம் எல்லாத்திலும்தான்."

கங்காணிக்கு மெய்யாய்த் தெரியுமோ, பெரிய விசயம் அறிந்த ஆள் மாதிரிச் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குஞ்சுக்கு அது போதும். அவள் புருசனுக்கு வேலை துறைமுகத்தில். அந்தப் பிளேன் ஓடுற பாதைக்குக் கல்லுச் சுமந்தது அவளின் தலை.

பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். சோறு தின்னவில்லை. தம்பியின் சாரத்தைச் சும்மாட்டில் இருந்து பிரித்து, கல்லுப் பொடி போகத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தாள்.

"இதை வைச்சு இனி அந்தக் கல்லைத் தூக்கேலாது மச்சாள்" என்றாள்.

வேலையை விட ஏலுமோ? வயிறு இருக்குதே. அடுத்த நாளும் போனாள். சாக்குத் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் பொழுதுபட நான் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு நிமிர, குடாவுக்கு மேலால இரைச்சல் கேட்டது. கூடவே பின் வளவில் இன்னொரு சத்தம். சரக், சரக் என்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். குஞ்சு குனிந்து நின்று கொட்டிலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். விளக்கு வைத்த பிறகு ஈர்க்குமாறு எடுக்கிற பெண் இந்தக் கரையில் இல்லை.

"என்னடி செய்யிறாய்?"

"கூட்டுறன்."

"இப்பவோ?"

"இப்பதான் மச்சாள். அதுகள் போய்ச் சேரக்கூடாது."

நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். மூலை மூலையாய்க் கூட்டி, வாசலால் தள்ளி, வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். இரைச்சல் கிழக்கால போய் அடங்குமட்டும் கை ஓயவில்லை. அதன் பிறகு பிளேன் எழும்பின ஒவ்வொரு பொழுதும் அப்படித்தான். அடுத்த நாள் மத்தியானம் எல்லாம் திரும்பி வந்து இறங்கும். வந்ததே என்று முகம் இறுகும். வந்ததே என்று மூச்சும் விடுவாள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவளின் முகத்தில் கண்டவர்கள் இருக்கிறார்கள், கூட வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு மத்தியானம் ஒன்று வரவில்லை.

அன்றைக்குக் கங்காணி அவளை வீடு மட்டும் கொண்டுவந்து விட்டார். அவளின் கடகத்தை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.  போகும்போது என்னிடம், "அந்த நூல் கட்டின பெடியன் அக்கா" என்றார்.

குஞ்சு ஈர்க்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு திண்ணைக் குந்தில் இருந்தாள்.

"நான் ஒரு தாயின்ர பிள்ளையைக் கூட்டித் தள்ளிப்போட்டன் மச்சாள்."

"விசர்க்கதை கதைக்காத. ஈர்க்குமாத்தால பிளேன் விழுமே?"

"விழாதோ?"

"விழாது."

அவள் மடியில் கிடந்த ஈர்க்குமாற்றை என் பக்கம் நீட்டினாள். "அப்ப, ஏழு நாள் நான் கூட்டாமல் விட்டதாலதானே அவர் போய்ச் சேர்ந்தவர்?"

 ஓம் என்றால் அந்தப் பெடியனை அவள் கொன்றது மாதிரி. இல்லை என்றால் என் தம்பியை இவ்வளவு காலமும் ஒன்றும் காக்கவில்லை என்றாகிவிடும். இன்றைக்கும் அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உங்களில் ஆரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

குளிர் நடுக்கிற குலைப்பன் காய்ச்சல் எல்லாருக்கும்தான் வருகிறது. வந்தால் கொயினா மருந்து குடித்து எழும்புவோம். அவள் எழும்பவில்லை. மருந்தைக் கொடுத்தால் பல்லைக் கடிப்பாள். குளிர் உதறும்போது இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பாள், விரல் எல்லாம் இருக்கிறதோ என்று எண்ணுகிறவள் மாதிரி. ஒரு நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. "புது அரிசிக் கஞ்சி என்றால் குடிப்பாயோ?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அதை நம்பித்தான் கிளிவெட்டிக்கு வெளிக்கிட்டேன். "போட்டு வாறன் குஞ்சு" என்றேன்.

"எத்தனை விரல் மச்சாள்?"

"கிளிவெட்டிதானேயடி. உனக்குத் தெரியாதே? பொழுதுபடச் சேர்ந்திடுவன்."

"கவனமாய்ப் போங்கோ" என்றாள். அவ்வளவுதான் நான் கேட்டது.

மிச்சம் கனகம் அக்கா சொன்னது. அன்று பின்னேரம் அக்கா கஞ்சித் தண்ணி கொண்டுவந்தபோது கொட்டில் குப்பையாய்க் கிடந்ததாம். பாயைச் சுற்றி இலை, சாம்பல், மருந்துக் கடதாசி. கூட்டுவோம் என்று ஈர்க்குமாற்றை எடுக்க, படுத்திருந்தவள் எட்டி அக்காவின் கையைப் பிடித்தாளாம். நெருப்பாய்ச் சுட்டதாம் அந்தக் கை.

"கூட்டாதேங்கோ அக்கா. மச்சாள் இன்னும் போய்ச் சேரேல்லை. இன்னும் இரண்டு விரல் கிடக்கு."

அதுதான் அவள் கடைசியாய்ச் சொன்னது. நான் கிளிவெட்டியில் கால் கழுவின நேரம் அவள் போய்விட்டாள் என்று கணக்குப் பார்த்தால் தெரிகிறது. எனக்காகத்தான் அந்தக் குப்பை. அவ்வளவு நடந்த பிறகும், அவள் எனக்காகக் கூட்டாமல் விட்டிருந்தாள்.

நான் வந்து பார்க்கும்போது கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி வெறுமையாய் இருந்தது. பொட்டு வைக்கிறதோ விடுகிறதோ என்று பெண்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். சுமங்கலியாய் அனுப்புகிறதோ, கைம்பெண்ணாய் அனுப்புகிறதோ? தமையன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"மூண்டு வருசமாய்க் கடதாசி இல்லை" என்றார். "சபைக்கு என்ன சொல்லுறது அக்கா?"

"பத்து மணித்தியாலத்தில போகக்கூடிய இடத்தில இருக்கிற மனிசன். ஆர் போய்ப் பாத்தது? போய்ப் பாக்காமல் எப்பிடிப் பொட்டைத் துடைக்கிறது?" என்றேன்.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வையுங்கோ" என்றார்.

நான் வைக்க ஏலாது, நான் பொட்டு இழந்தவள். கனகம் அக்கா வைத்தா. கூறைச் சீலை உடுத்தி, தாலியோடு, பொட்டோடு போனாள். இனி என் தம்பி உயிரோடு வந்தால் அது மெய். வராவிட்டால் ஒரு பொய்யோடு அவளை அனுப்பினவள் நான். அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன். தமையனில் ஆரும் குற்றம் சொல்லவேண்டாம்.

அவளைத் தூக்கிக்கொண்டு வளவு தாண்டின கையோடு பெண்கள் வாளியும் ஈர்க்குமாறுமாய் வந்தார்கள். பெரிய வீட்டைக் கழுவினார்கள். கொட்டில் வாசலில் நான் நின்றேன். "விடுங்கோ அக்கா, துடக்கு வீடு" என்றார்கள். நான் விடவில்லை. அழுகையில் அறிவு கெட்டுப்போனேன் என்று நினைத்துப் போய்விட்டார்கள். அன்றில் இருந்து இன்றைக்கு முப்பத்தொண்டு. அந்தக் கொட்டிலில் ஒரு இலையும் அசையவில்லை.

அவளில் என்னிடம் மிஞ்சியது அதிகம் இல்லை. மடித்து வைத்த நீலக் கட்டச் சாரம், தம்பி வந்தால் கொடுக்க. பிரிக்காத கருவாட்டுப் பொட்டலம், இப்போது பூச்சி அரித்துவிட்டது, எறிய மனம் வரவில்லை. அவள் தன் கையால் ஈர்க்குக் கிழித்துக் கட்டின ஈர்க்குமாறு. அதோடு, தூரத்தை விரலில் எண்ணுகிற பழக்கம். இப்போதும் விளக்கு வைக்கிற நேரம் சீனன்குடாவில் இரைச்சல் எழும்பினால் என் கை தானாய் விரிகிறது. அந்தப் பிளேனில் போகிறவனுக்காகவோ, அது போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறவனுக்காகவோ என்று எனக்குத் தெரியாமல், சும்மா எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

சனங்களே, கூட்டுங்கள் என்று என்னைச் சொல்லாதேயுங்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நேரம்தான் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள்.

குஞ்சு, நான் கிளிவெட்டிக்குச் சேருமட்டும் இரண்டு விரல் மிச்சம் வைத்துக்கொண்டு கிடந்தவள் நீ. கப்பலுக்கு ஏழு நாள் என்று கேட்டு அறிந்தோம், பிளேனுக்குப் பத்து விரல் என்று நீ கேட்டு வந்து சொன்னாய். நீ இப்போது போகிற இடத்துக்கு ஆரிடம் கேட்க? போய்ச் சேர்ந்துவிட்டாயோ, இன்னும் நடுவழியில்தான் நிற்கிறாயோ, நான் எப்பயடி கூட்டுறது?